தனியாகப் பேச வேண்டும்

வாசல் கதவு வெளியே பூட்டியிருந்தது. உள்ளே யாரோ இருமும் சத்தம் கேட்டது.

மூன்று மாடி ஏறி வந்த முதியோர் நலத்துறை அதிகாரிக்கு மூச்சு வாங்கியது. இன்றைக்கு இது ஐந்தாவது வீடு. கால் இரண்டும் கெஞ்சின. சுவரில் சாய்ந்து, கோப்பிலிருந்த புகாரை இன்னொரு தடவை படித்தாள்.

'இந்த வீட்டுல ஒரு உசிரை ஆறு வருஷமா அடைச்சு வெச்சிருக்கு. தூங்கக்கூட விடறதில்ல.'

தொலைபேசியில் வந்த புகார். பெயர் சொல்லவில்லை. கீழே எழுத்தர் குறித்திருந்தார்: 'நாக்கு குழறுகிறது. குடித்திருக்கலாம்.'

மருந்துப் பையோடு ஒரு பெண் படியேறி ஓடி வந்தாள். காலில் ஜோடி மாறிய செருப்பு.

"யாருங்க நீங்க?"

"முதியோர் நலத்துறை. உள்ள இருக்கறது யாரு?"

"என் மாமனார். பக்கவாதம் வந்து படுத்த படுக்கையா இருக்கார்."

"அவரை உள்ள வெச்சுப் பூட்டிட்டா போவீங்க?"

"திறந்து போட்டுட்டுப் போனா மட்டும் சரியா மேடம்? மருந்துக்கடை வரைக்கும்தான் போனேன். பத்து நிமிஷம்." அவள் குரலில் கோபம்கூட இல்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

"உங்க வீட்டுக்காரர்?"

"வெளிநாட்டுல. வாரம் ஒரு போன் வரும். 'அப்பாவை நல்லாப் பார்த்துக்கோ'ன்னு சொல்லிட்டு வெச்சிடுவார்."

எத்தனையோ மருமகள்களைப் பார்த்துவிட்ட அதிகாரி இதற்கெல்லாம் அசைவதாக இல்லை. "கதவைத் திறங்க. அவர்கிட்ட நான் தனியாப் பேசணும். அது அவரோட உரிமை. நீங்க வெளியவே இருங்க."

மருமகள் கதவைத் திறந்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தாள்.

உள்ளே துவைத்த துணியின் வாசனை. அதிகாரி பெரியவரின் போர்வையை விலக்கி, அவரை லேசாகப் புரட்டிப் பார்த்தாள். முதுகில் ஒரு புண் கிடையாது. நகம் வெட்டி, முகம் மழித்து, கழுத்துக்குப் பவுடர்கூடப் போட்டிருந்தது. இப்படிப் பளிச்சென்று வைத்துக்கொண்டே கொடுமை செய்கிறவர்களையும் அவள் பார்த்திருக்கிறாள்.

தலையணையோரம் ஒரு கைபேசி கிடந்தது. நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டாள்.

"ஐயா, பயப்படாம சொல்லுங்க. அந்தப் பொண்ணு காதுல விழாது. உங்களைத் தூங்க விடறதில்லையா?"

பெரியவர் வாயைத் திறந்தார். சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குழறி வந்தன. "நான்... நல்லாத்தான் தூங்கறேன்."

"அப்ப புகார் பண்ணது யாரு?"

அவருடைய இடது கை மட்டும் மெல்ல எழுந்து, நெஞ்சைத் தொட்டது.

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்களா? யார் மேல ஐயா?"

கை நெஞ்சை விட்டு நகரவில்லை. பார்வை மட்டும் வாசலுக்குப் போனது.

படிக்கட்டுச் சுவரில் தலை சாய்த்து, மருந்துப் பையை மடியில் பிடித்தபடி, வாய் லேசாகத் திறந்து மருமகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பெரியவர் சொன்னார்: "அடைபட்டுக் கெடக்கறது அவதாம்மா."