கேக்கைப் படம் பிடித்தவர்

"தோன் நாச்சோ, இந்த இடத்தை மட்டும் வெட்டிடுங்க. மானம் போகுது!" என்றாள் யாரெலி.

தோன் நாச்சோ நான்தான். ஹெரெஸ் ஊரில் பழைய வீடியோ கேசட்டுகளை டிவிடியாக மாற்றித் தருகிறேன்.

வரும் சனிக்கிழமை யாரெலிக்குப் பதினைந்தாம் பிறந்தநாள் விழா; எங்கள் பக்கம் பெண்பிள்ளைகளுக்கு அது கல்யாணம் மாதிரி. அவள் அம்மா மாரிக்ரூஸ், தன்னுடைய பதினைந்தாம் பிறந்தநாள் கேசட்டைக் கொண்டுவந்திருந்தாள். அதை மண்டபத்தில் பெரிய திரையில் போடப் போகிறார்களாம்.

மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ரோஜா நிறக் கவுனில் அன்றைய மாரிக்ரூஸ், மண்டபத்தின் நடுவே நிற்கிறாள்.

"இப்போ நம்ம பொண்ணு அப்பா கையைப் பிடிச்சு வால்ட்ஸ் ஆடப்போறா!" மைக்கில் முழங்குகிறார் அறிவிப்பாளர்.

விழாவுக்கே உயிர் இந்த ஆட்டம்தான். அந்த நேரம் பார்த்துப் படம் குலுங்கியது. அப்புறம் திரை முழுக்கக் கேக். பாட்டு கேட்கிறது, கைதட்டல் கேட்கிறது, ஆட்டத்தைத்தான் காணோம். பாட்டு முடியும்வரை கேக்தான்.

தலை வெட்டுப்பட்ட மாப்பிள்ளைகளை எல்லாம் கேசட்டில் பார்த்தவன் நான். ஆனால் இது அநியாயம்.

"யாரு எடுத்தது?" என்றேன் எரிச்சலோடு.

"எங்க சேமா மாமாதான்," யாரெலி சிரித்தாள். "டெக்கீலா உள்ள போயிருக்கும். கேமராவை மேஜைல போட்டுட்டுக் கிளம்பிட்டாரு."

"அவர்கிட்ட போய் கேமராவைக் கொடுத்தாங்க பாரு, அவங்களைச் சொல்லணும்! வெட்டிடறேன், விடு."

மாரிக்ரூஸ் சட்டென்று என் கையைப் பிடித்தாள். "தொட்டீங்கன்னா கேசட்டைத் தூக்கிட்டுப் போயிடுவேன்!"

"அம்மா! ஊரே உக்காந்து கேக்கைப் பார்க்கணுமா?"

"பார்க்கட்டும். என் அண்ணன் எடுத்ததுலேயே இதுதான்டி உசத்தி." அவள் முகத்தில் அப்படியொரு பெருமை.

"தாத்தா ஆடினதே இதுல இல்லையேம்மா!"

"அவரு வந்தாத்தானே ஆடுறதுக்கு? எல்லை தாண்டி வேலைக்குப் போனவரு, கண்டிப்பா வர்றேன்னாரு. வரலை. மைக் பிடிச்சவருக்கு அது தெரியாது, பாட்டைப் போட்டுட்டாரு. அத்தனை பேர் நடுவுல தனியா நிக்கிறேன். அழுகை முட்டிக்கிட்டு வருது."

யாரெலியின் சிரிப்பு நின்றுவிட்டது. "அப்புறம் யாரு கூடம்மா ஆடினே?"

"கேமராவைக் கேக்குப் பக்கத்துல வெச்சுட்டு ஓடி வந்தாரே உன் மாமா, அவர்கூடத்தான்!"