வெல்டர் வீட்டு இரும்பு

"ஆயிரத்து நானூத்தி நாப்பது, தம்பி. பன்னிரண்டு அட்டை, அட்டைக்கு நூத்தி இருபது." மருந்துக்கடைக்காரர் கடன் நோட்டைத் திருப்பிக் காட்டினார்.

வெல்டர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஓவர்டைம் பணம் சட்டைப்பையில் கனத்தது. "நோட்டை விடுங்கண்ணே. என் வீட்டுக்காரி தலையைப் பாருங்க."

பக்கத்தில் நின்ற மனைவி பையை இடுக்கிக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தாள். நாலு மாதம் கழித்து இன்றுதான் அவள் முக்காடு இல்லாமல் தெருவில் இறங்கியிருந்தாள்.

நாலு மாதத்துக்கு முன்னால் அவள் தலையில் மூன்று இடத்தில் வட்டமாக, காசு வைத்தது போல முடி கொட்டி வழுவழுவென்று ஆகிவிட்டது. "தம்பி கல்யாணத்துக்கு நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். கூடப் பிறந்த அக்கா இல்லாமல் கல்யாணமா? அடித்துப் பிடித்து டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனான்.

ரத்தத்தைச் சோதித்துவிட்டு அந்தம்மா பொறுமையாகத்தான் சொன்னார். உடம்பைக் காக்க வேண்டிய காவல்காரனே ஆள் தெரியாமல் முடி வேரைப் போட்டு அடிக்கிறானாம். ரத்தத்தில் இரும்பும் அடிமட்டத்தில் கிடக்கிறதாம். இப்படி முடி கொட்டுகிற சிலருக்கு இரும்பும் குறைவாக இருப்பதுண்டாம்; அதற்காக இரும்பை ஏற்றினால் முடி வந்துவிடும் என்று எழுதிக் கொடுக்க முடியாதாம். சிலருக்குத் தானாகவே முளைக்குமாம்.

இத்தனையில் வெல்டர் காதில் விழுந்தது இரும்பு ஒன்றுதான். நாளெல்லாம் இரும்போடு கட்டிப் புரள்கிறவன் வீட்டில் இரும்புக்குப் பஞ்சம் என்றால் பட்டறையில் சிரிக்க மாட்டார்களா?

மாத்திரையைக் கடனுக்கு வாங்கினான். தினமும் கரி படிந்த கையைக் கழுவும் முன்பே "போட்டியா?" என்பான். அடுப்படியிலிருந்து "போட்டாச்சு" என்று குரல் வரும்.

மூன்றாம் மாதம் அந்த வட்டங்களில் வெள்ளையாகப் பூனைமுடி முளைத்தது. பிறகு மெல்லக் கறுத்தது. வெல்டருக்குத் தலைகால் புரியவில்லை. பட்டறையில் முன்நெற்றி ஏறியவனையெல்லாம் பிடித்து இந்தக் கடைக்கு அனுப்பினான். கடைக்காரரும் சளைத்தவரில்லை. 'முடி வளர இரும்பு மாத்திரை' என்று தாளில் கொட்டை எழுத்தில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டார்.

"தங்கச்சி தலைதான் என் கடைக்கு போர்டு," என்று இப்போதும் சிரித்தார்.

வெல்டர் பணத்தை எடுக்கப் போனான். மனைவி அவன் கையைப் பிடித்தாள். "கொஞ்சம் பொறுங்க."

பையைக் கவிழ்த்தாள். பன்னிரண்டு அட்டையும் மேஜையில் சரிந்தன. ஒன்றில் மட்டும் ஒரே ஒரு மாத்திரை குறைந்திருந்தது.

"முதல் மாத்திரையே குடலைப் புரட்டிடுச்சு. நீங்க ஓவர்டைம் பார்த்துச் சாகுறதைப் பார்த்துட்டு, சொல்ல வாய் வரலை. முடி அதுவா வந்ததுதாங்க. இரும்பு இன்னும் அதே இடத்துலதான் கிடக்காம். நேத்து டாக்டரம்மா காய்ச்சி எடுத்துட்டாங்க. வயித்துக்குச் சாதுவா வேற எழுதிக் குடுத்திருக்காங்க, அதை ஒழுங்கா சாப்பிடுறேன்."

கடைக்காரர் அட்டைகளை எண்ணினார். அந்த ஒரு மாத்திரையையும் கணக்கில் பிடிக்காமல் ஆயிரத்து நானூற்று நாற்பதைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்து போய், கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார்.