எண்பதுக்கு இருபது

சர்க்கரை ஜாடி அவர் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்து நாலாபக்கமும் சிதறியது. காலில் கட்டோடு சோபாவில் கிடந்த மனைவி பதறிப்போய் எழப் பார்த்தாள்.

"நீ எழுந்திருக்காதே! கண்ணாடி குத்திடும்" என்றார் அவர். பிறகு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பிரிட்ஜ் பக்கம் போய், அதன் கதவில் மார்க்கர் பேனாவால் ஐந்தாவது கோட்டைத் தன் கையாலேயே போட்டார்.

வருஷம் பிறந்து ஒரு கோடுகூட விழாத கதவு அது. இந்தத் திங்கட்கிழமையிலிருந்து தினம் ஒரு சாமான் உடைகிறது. நல்லவேளை, எல்லாம் விளிம்பு போன பழசுகள். ஆனால் அவளுக்குச் சாமானா கவலை?

அவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். கடுகளவு திருகாணியை இடுக்கியால் எடுத்து உட்கார வைக்கிற கை அது. அந்தக் கை நடுங்க ஆரம்பித்தால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

கோடு போடும் வழக்கத்தைக் கொண்டுவந்தவள் அவள்தான். இன்சூரன்ஸ் கம்பெனியில் நஷ்ட ஈடு பார்க்கும் பிரிவில் வேலை. ஆபீஸ் சட்டதிட்டத்தை ஆபீஸிலேயே விட்டுவிட்டு வரத் தெரியாத ஜென்மம். இருவரும் மாதாமாதம் பணம் போட்டு வீட்டுக்கு ஒரு பொது நிதி. வருஷத்தில் முதல் ஐந்து உடைசல் முழுக்க உடைத்தவர் தலையில். ஆறாவதிலிருந்து எண்பது பங்கு நிதி கொடுக்கும், இருபது பங்கு உடைத்தவர் கொடுக்க வேண்டும்.

"கல்யாணத்தப்போ எல்லாத்துலயும் பாதிப் பாதின்னுதானே சொன்னாங்க? இது என்ன புதுசா எண்பதுக்கு இருபது?" என்று அவர் அப்போதே கேட்டுப் பார்த்தார்.

"எங்க ஆபீஸ்ல இதுக்கு கோ-இன்சூரன்ஸ்னு பேரு. மொத்தத்தையும் நிதியே கொடுத்தா உடைக்கிறவங்களுக்குப் பயம் விட்டுப்போயிடும். அந்த இருபது கையைக் கடிச்சாத்தான் கை பத்திரமா இருக்கும்."

"அப்போ முதல் அஞ்சு?"

"சில்லறை உடைசலுக்கெல்லாம் நிதியில கை வெச்சா, பெருசா ஒண்ணு வர்றப்போ என்ன பண்றதாம்?"

இன்சூரன்ஸ்காரியோடு வாதாடி ஜெயித்தவர் யார்?

கை நடுங்கினாலும் மனுஷன் கவனிப்பில் ஒரு குறை வைக்கவில்லை. சனிக்கிழமை அவளுக்குக் கால் பிசகியதிலிருந்து தாங்கு தாங்கென்று தாங்குகிறார். படுக்கையைக்கூடக் கீழே கொண்டுவந்து போட்டுவிட்டார்.

"பொழுதே போகலைங்க. போனஸ் பணத்துல ஆசையா வாங்கினேன், அந்தப் புது டிவியில ஒரு படமாவது பார்க்கறேனே. கைத்தாங்கலா மாடிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று நேற்றுகூடக் கேட்டாள்.

"படி ஏறவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரில்ல? உன் காலை விட டிவி பெருசா?" என்று அதட்டிவிட்டார். அவள் உருகிப்போனாள். இப்படிப்பட்டவருக்கா இந்த வியாதி வரவேண்டும்!

காலைப் பார்க்க டாக்டர் வந்ததும் அவள் அழாத குறையாகச் சொன்னாள்.

"என் கால் கிடக்கட்டும் டாக்டர், முதல்ல இவர் கையைப் பாருங்க."

"கைக்கென்ன? அதெல்லாம் ஒண்ணுமில்ல, இன்னியோட சரியாயிடும்" என்று அவர் நழுவப் பார்த்தார். டாக்டர் விடவில்லை. ஒரு ஊசியையும் நூலையும் கொடுத்தார். அவர் முதல் தடவையிலேயே கோத்துவிட்டார். தளும்பத் தளும்பத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்த டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"எப்போலேருந்து இப்படி?" என்று டாக்டர் அவளிடம் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமையிலேருந்துதான். மாடியில ஒட்டடை அடிக்கிறேன்னு கம்பைத் தூக்கிட்டுப் போனார். இறங்கி வர்றப்பவே முகம் வெளிறிப் போய், கை கிடுகிடுன்னு ஆடிச்சு டாக்டர்."

"தூசி ஒத்துக்கலையோ? கடையில எப்படி?"

"கடையில ஒரு தொந்தரவும் இல்லீங்க" என்றார் அவர் அவசரமாக.

டாக்டர் பிரிட்ஜ் கதவைப் பார்த்தார். ஐந்து கோட்டுக்கும் விளக்கம் கேட்டுத் தெரிந்துகொண்டார். கிளம்பும்போது அவளிடம் குனிந்து, குரலைத் தாழ்த்தினார்.

"நரம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இது பயம்மா. இந்த வீட்டுல எதுக்கோ ரொம்பப் பயப்படறார்."

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. வேறு எதற்குப் பயப்படுவார்? ஒரு ஓட்டை ஜாடிக்குக்கூடப் புருஷனிடம் காசு கறக்கிற சட்டம் போட்டது யார்? தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

டாக்டர் போனதும், நொண்டிக்கொண்டே எழுந்து ஈரத்துணியை எடுத்தாள். பிரிட்ஜ் கதவில் முதல் கோடு அழிந்தது. அடுத்ததும் அழிந்தது.

வாசல் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பியவர் அலறினார்.

"ஐயோ, என்ன பண்றே? அழிக்காதே!"

"இருக்கட்டுங்க. இந்த அஞ்சும் கணக்குலயே வேண்டாம். இன்னியிலேருந்து புதுசா எண்ணிக்கலாம்."

"அஞ்சையும் நான்தான் உடைச்சேன்! காசு முழுக்க நானே கட்டிடறேன்! விட்டுடு!"

இந்தக் காலத்தில் இப்படி ஒரு நேர்மையா? அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "உங்க கையை விட எனக்குச் சட்டம் பெருசா?" என்று சொல்லிக்கொண்டே ஐந்தாவது கோட்டையும் அழுத்தித் துடைத்தாள்.

அவர் மாடிப்படியில் பொத்தென்று உட்கார்ந்தார். கை இப்போது நிஜமாகவே நடுங்கியது.

"அப்போ உன் புது டிவிதான் முதல் கோடு!"