எடைக்கு ஏற்ற மாத்திரை

ஆவடியில் ஜேம்ஸ் மருந்துக்கடை திறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் கறார் பேர்வழி என்று பெயர் வாங்கிவிட்டார். மனுஷனுக்கானாலும் மாட்டுக்கானாலும் டாக்டர் சீட்டு இல்லாமல் தூக்க மாத்திரையைக் கண்ணில்கூடக் காட்ட மாட்டார். கடையின் பஞ்சுப் பெட்டிக்குள் ஒரு தெருப்பூனை குட்டி போட்டபோது, அதற்குப் பூச்சி மருந்து கொடுக்கவே பூந்தமல்லி வரை போய் மாட்டு டாக்டரிடம் சீட்டு வாங்கி வந்த மனிதர்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் மொத்தமும் டி.வி.யில் பாட்டுப் பார்க்க உட்கார்ந்துவிட்டது. கடையில் ஈ, காக்கை இல்லை. அந்த நேரம் பார்த்து ராஜம்மா வந்தாள். தொழிற்சாலையில் நைட் ஷிப்ட் பார்க்கும் வெல்டர் மதுரைவீரனின் மனைவி. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணா, தூக்க மாத்திரை வோணும். எனக்கில்ல, அவருக்கு."

சீட்டு எங்கே என்றார் ஜேம்ஸ். அவ்வளவுதான், ராஜம்மா கொட்டித் தீர்த்துவிட்டாள். பகலெல்லாம் தின்றுவிட்டுத் தூங்குகிறாராம். இருட்டினால் ஆளைப் பிடிக்க முடியாதாம். விடிந்ததும் முகமெல்லாம் கீறலோடு வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி பால் கேட்கிறாராம். தெருவில் நாலு வீட்டில் அவர் ஜாடையிலேயே பிறந்திருக்கிறதாம். ஊரே இவளிடம் வந்து சண்டைக்கு நிற்கிறதாம்.

"பூந்தமல்லி டாக்டராண்ட பேசிட்டேன். ஒரே ஒரு ஆபரேசன், ஊர் மேயறது அத்தோட நின்னுடுமாம். முழிச்சிகினு இருந்தா கிட்ட நெருங்க முடியாது. அதான் பால்ல கலக்கிக் குடுத்து, ஞாயித்துக்கிழமை தூக்கிகினு போயிடலாம்னு கீறேன்."

"குடும்பக் கட்டுப்பாடா?" என்று ஈனஸ்வரத்தில் கேட்டார் ஜேம்ஸ்.

"அதுக்கும் ஒரு படி மேல. அடியோட எடுத்துடுவாங்களாம்."

ஜேம்ஸ் சட்டென்று மாத்திரை அலமாரியைப் பூட்டினார். மாத்திரையை எடைக்குத் தகுந்த அளவுதான் கொடுக்க வேண்டும், தப்பினால் உயிரே போய்விடும் என்று பயமுறுத்திப் பார்த்தார். அவள் மசியவில்லை. நீங்கள் தராவிட்டால் பஸ் ஸ்டாண்டில் பெட்டி வைத்து விற்கிறானே, அவனிடம் வாங்கிக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டாள்.

அந்தப் பெட்டிக்காரன் மாத்திரைக்குப் பேரும் கிடையாது, தேதியும் கிடையாது. போன மாதம் அதைத் தின்ற பசு ஒன்று படுத்தது, எழுந்திருக்கவே இல்லை. ஜேம்ஸ் அவளைக் கூப்பிட்டு நிறுத்தி, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பொய் மருந்து கொடுத்தார். இரண்டு வைட்டமின் மாத்திரை. ஒரு குடும்பஸ்தனைக் காப்பாற்ற வேறு வழி தெரியவில்லை.

மறுநாள் டீக்கடையில் மதுரைவீரனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னார். முறுக்கு மீசைக்காரன், எகிறிக் குதிப்பான் என்றுதான் நினைத்தார். ஆனால் அவன் முகம் வெளுத்துப்போனது.

"அவளுக்கு யாரு சார் சொன்னது?" என்று மட்டும் கேட்டான்.

அன்று முழுக்க அவன் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜேம்ஸ் ஷட்டரைத் தூக்கினாரோ இல்லையோ, உள்ளே புகுந்து அலமாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். எப்படியாவது அவளைச் சமாதானம் செய்யுங்கள் என்று கெஞ்சினான்.

அதற்குள் ராஜம்மாவே வந்துவிட்டாள். கையில் மூடி போட்டுக் கட்டிய பிரம்புக் கூடை. முழங்கை வரைக்கும் ரத்தக் கீறல். அவள் வாயைத் திறப்பதற்குள் மதுரைவீரன் பாய்ந்து வந்து காலில் விழுந்தான்.

"தப்புதான் ராஜம்மா. வேலப்பன்சாவடி பக்கம் இனி தல வெச்சிப் படுக்க மாட்டேன். அந்தப் பொன்னியம்மாவாண்ட இனிமே வர மாட்டேன்னு நானே சொல்லி அனுப்பிடறேன். அந்த ஆபரேசன் மட்டும் வோணாம்."

கூடைக்குள் எதுவோ உறுமியது. மூடியை முட்டிக்கொண்டு ஒரு தடியன் கடுவன் பூனை தலையை நீட்டியது. மூக்கில் கறுப்பு மச்சம். பஞ்சுப் பெட்டிக் குட்டிகள் அத்தனைக்கும் அதே மச்சம்தான்.

"இதையா அவரு, இவருன்னு சொன்னீங்க?" என்றார் ஜேம்ஸ்.

ராஜம்மா பால் ஊற்றி வளர்க்கும் அந்தப் பூனைக்குத் தெருப் பையன்கள் மதுரைவீரன் என்றுதான் பெயர் வைத்திருந்தார்கள். கல்யாணமான நாளிலிருந்து புருஷன் பெயரை ராஜம்மா வாயால் சொன்னதில்லை. அந்தப் பெயர் உள்ள பூனையை 'அது' என்று சொல்லவும் பாவி மகளுக்கு வாய் வரவில்லை.

ராஜம்மா காலடியில் கிடந்தவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, நேற்றுப் பூந்தமல்லி போய்ப் பூனைக்கு எழுதி வாங்கி வந்த டாக்டர் சீட்டை இடுப்பிலிருந்து எடுத்து ஜேம்ஸிடம் நீட்டினாள்.

"இது நாலு கிலோவுக்கு எழுதினது. எழுபது கிலோ மதுரைவீரனுக்கு எத்தினி மாத்திரைன்னு நீங்களே சொல்லுங்கண்ணா."