நடுப்புள்ளி

விடை இன்றைக்கும் பிழை. யதுஷா பென்சிலை வைத்துவிட்டு, ஆடி ஓய்ந்த பித்தளைக் குண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மரச்சட்டத்தில் நூலில் தொங்கிய குண்டை நான்கு புறமும் ஸ்பிரிங்குகள் பிடித்திருந்தன. குறுக்கே இழுத்துவிட்டால் சற்று நேரத்தில் நெடுக்கே ஆடும், பிறகு மீண்டும் குறுக்கே. ஒன்றையொன்று விடாத அந்த இரண்டு அசைவுகளையும் கணக்கில் அச்சுகளைத் திருப்பி வைத்து அவள் பிரித்துவிட்டாள். அதுவரை சரி.

ஆனால் ஆட்டம் அடங்கியதும் குண்டு நடுப்புள்ளியில் நிற்கவேண்டும். அது கடற்பக்கமாக விலகி நின்றது. நாளுக்கு நாள் இன்னும் கொஞ்சம்.

"சமன்பாட்டில எதையோ விட்டிட்டீர்" என்று விரிவுரையாளர் கிருபாகரன் கைவிரித்துவிட்டார். நாளை வாய்மொழித் தேர்வு. பட்டம் எடுக்க அவளுக்கு மிஞ்சியிருந்த கடைசி முறை.

கடற்பக்க வளவில் புதிய மாடிக்கட்டடத்துக்குக் குழி தோண்டும் இயந்திரம், பௌர்ணமிப் போயா விடுமுறையென்று ஓய்ந்து கிடந்தது. அதன் அதிர்வையும் இனிக் குற்றம் சொல்ல முடியாது.

குசினியிலிருந்து அம்மா கௌரியின் குரல் வந்தது. "இந்த அடுப்பை மாத்தோணும். எண்ணெயெல்லாம் ஒரு பக்கத்துக்கே ஓடுது."

"கொஞ்சம் பேசாம இருங்கோ அம்மா."

"நீ உந்தக் குண்டோட கதை. நான் அடுப்போடயாவது கதைக்கிறன்."

யதுஷா சிரிக்கவில்லை. அம்மா கையைத் துடைத்தபடி வந்து பக்கத்தில் நின்றாள்.

"பாஸ் பண்ணாட்டிலும் பரவாயில்ல பிள்ளை. வெள்ளவத்தையில சொந்த வீடு இருக்குத்தானே. நாலாம் மாடியெண்டாலும் எங்கட வீடு."

அம்மா போன பிறகு அவள் ஸ்பிரிங்குகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். ஒரு ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். மரச்சட்டத்தை அப்படியே முன்பின்னாகத் திருப்பி வைத்தாள். ஸ்பிரிங்கில்தான் பிழையென்றால், குண்டு இப்போது வீதிப்பக்கமாக விலகவேண்டும்.

குண்டு ஆடியது. அடங்கியது. கடற்பக்கமே நின்றது.

விடைத்தாளின் முதல் வரிக்குப் போனாள். 'சட்டம் கிடையான தளத்தில் நிற்கிறது எனக் கொள்க.' எல்லோரும் பார்த்த வரி. யாரும் சோதித்துப் பார்க்காத வரி.

எழுந்து குசினிக்குப் போனாள். தாச்சியில் எண்ணெய் கடற்பக்கமாக ஒதுங்கி நின்றது.

"அடுப்பை நிப்பாட்டுங்கோ அம்மா. கணக்கிலயும் பிழையில்ல, அடுப்பிலயும் பிழையில்ல."

"பின்னை?"

"வீடு சாயுது."