தும்மலுக்கு அனுமதி

“டார்ச் பல்பு எரியப் பத்தாத கரண்டுல, இதே கோடியக்கரையில நின்னுகிட்டு, விசாகப்பட்டினத்துல ஒருத்தன் தும்முனதுக்கு ‘நூறு வயசு’ன்னு சொன்னவன் நான்.”

பக்கிரிசாமி சார் சொல்லி முடித்தபோது, அவரை அப்படியே கடலில் தள்ளிவிட்டால் என்ன என்று, அவருடைய பல்கலைக்கழகத் துறையில் ஆராய்ச்சி செய்யும் அவளுக்குத் தோன்றியது.

சென்னையிலிருந்து வந்திருந்த அலைவரிசை அனுமதி அதிகாரியின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

“இருக்கும் இருக்கும்,” என்றார்.

பல்கலைக்கழகம் இதுவரை அனுப்பிய விண்ணப்பங்களை அடுக்கினால் கலங்கரை விளக்கத்தின் பாதி உயரம் வரும். கடைசியில் சென்னை அலுவலகம் ஒரு மனிதரை அனுப்பியிருக்கிறது. அவர் சரி என்றால் சோதனைக்கு அலைவரிசை கிடைக்கும். இல்லை என்றால் அவளுடைய ஆராய்ச்சி இந்த மணலோடு மணல்.

அதுவரை ரேடியோ மைக்கின் பொத்தானைத் தொடக் கூடாது. தொட்டால் குற்றம். அனுமதி என்ற பேச்சுக்கே பிறகு இடமில்லை.

ஓர் இலைகூட அசையவில்லை.

கடல்மேல் சூட்டுக்காற்று போர்வைபோலப் படுத்திருந்தது. அவளுடைய ஆராய்ச்சியே அந்தப் போர்வைதான். அதனடியில் புகுந்துகொண்டால் சின்ன ரேடியோ அலையும் தண்ணீரை ஒட்டி ஊர்ந்து வெகுதூரம் போகும் என்பது அவள் கணக்கு. பக்கிரிசாமி சார் கணக்கில் அது பர்மா போய்த் தேக்கு வாங்கிக்கொண்டு திரும்பி வரும்.

நாளைக்கே காற்று எழுந்துவிடலாம். போர்வை கலைந்துவிடலாம்.

அவள் ஏரியல் கம்பத்தை ஆட்டிப் பார்த்தாள். பாட்டரி வயரைத் தொட்டுப் பார்த்தாள். மறுபடி கம்பத்தை.

“உங்க அலை அந்த உப்புக் குவியலத் தாண்டாது மேடம்,” என்றார் அதிகாரி. “தாண்டாத ஒண்ணுக்கு எதுக்கு அலைவரிசை?”

“தாண்டுதான்னு பாக்கத்தான சார் கேக்குறோம்.”

“தாண்டும்னு காட்டுங்க. அனுமதி தர்றேன்.”

“காட்டணும்னா அனுமதி வேணுமே சார்.”

அவர் யோசித்தார்.

“ஆமா,” என்றார். அதோடு விட்டுவிட்டார்.

பக்கிரிசாமி சார் ஓய்வுபெற்றுவிட்டார். துறைதான் இன்னும் அவரிடமிருந்து ஓய்வுபெறவில்லை. வெறுங்கையோடு அவருக்குப் பேச வராது. வகுப்பில் சாக்பீஸ். கல்யாணத்தில் சந்தனக் கிண்ணம். இழவு வீட்டில் பக்கத்தில் நிற்பவரின் கை. இப்போது மேசைமேல் கிடந்த மைக்கை எடுத்துக்கொண்டார்.

“இன்னொன்னு கேளுங்க சார். அந்த வருஷம் நான் பேசுனது ஒடிசாவுல ஒரு கல்யாண வீட்டு ஸ்பீக்கர்ல பூந்துருச்சு. தாலி கட்டப் போனவன் அப்படியே நின்னுட்டான். அப்புறம் நானே மந்திரம் சொல்லி முடிச்சு வச்சேன்.”

“தமிழ்லயா?”

“அவசரத்துக்குத் தமிழ்தான்.”

அதிகாரி சிரிக்க வாயைத் திறந்தார். உப்புக் காரம் மூக்கில் ஏறிவிட்டது. அடிவயிற்றிலிருந்து தும்மினார். உப்பளத்தில் நின்ற பறவைகள் மொத்தமும் எழும்பி, மறுபடி உட்கார்ந்தன.

“நூறு வயசு,” என்றார் பக்கிரிசாமி சார்.

“இந்த வெயிலத் தாண்டுனாப் போதும். இதெல்லாம் நடக்காது சார். பொட்டியக் கட்டுங்க.”

அப்போதுதான் அவள் பார்த்தாள்.

ரேடியோப் பெட்டியில், அலை வெளியே போவதைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பக்கிரிசாமி சாரின் கட்டைவிரல் மைக்கின் பொத்தான்மேல் சொகுசாகப் படுத்திருந்தது.

எவ்வளவு நேரமாக?

கத்தினால் அதுவும் போகும்.

நடந்தாள். மணல் காலைப் பிடித்தது. தூங்கும் குழந்தையின் கையிலிருந்து கிலுகிலுப்பையை எடுப்பதுபோல மைக்கை உருவினாள்.

விளக்கு அணைந்தது.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பார்த்தாரா, பார்க்கவில்லையா?

பக்கிரிசாமி சார் தன் வெறுங்கையைப் பார்த்தார். அணைந்த விளக்கைப் பார்த்தார்.

அதிகாரியின் போன் அடித்தது.

துடைத்த கண்ணாடி ஒரு கையில் இருக்க, மறு கையால் ஸ்பீக்கரில் போட்டார். சென்னையில் அவருடைய அலுவலகம். வானத்தில் யார் என்ன பேசினாலும் காதைக் கொடுத்து உட்கார்ந்திருப்பவர்கள்.

“சார், நாம யாருக்குமே குடுக்காத அலைவரிசையில எவனோ பேசுறான் சார். கணீர்னு கேட்டுச்சு.”

“என்ன பேசுறான்?”

“ஒடிசாவுல கல்யாணம் பண்ணி வச்சேன்னு ஒருத்தர் கதை விடுறாரு. இன்னொருத்தர் தும்முறாரு சார். யப்பா. ஹெட்போனக் கழட்டிட்டு மறுபடி மாட்டுனேன். அப்புறம் நூறு வயசுங்கிறாங்க, நடக்காதுங்கிறாங்க, சத்தமே நின்னுபோச்சு.”

அவள் மைக்கை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

“அந்தத் தும்முன ஆளு குரல் எங்கயோ கேட்ட மாதிரியே இருக்கு சார். எங்கேர்ந்துன்னு தேடிப் பிடிச்சு கேஸ் போட்டுடலாமா?”

அதிகாரி உப்புக் குவியலைப் பார்த்தார்.

அதைத் தாண்டி, வடக்கே, சென்னை இருக்கும் பக்கம், கடலைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. அசையாத தண்ணீர். அதன்மேல் நடுங்கும் வெளிச்சம்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

“யாரையும் தேட வேணாம்,” என்றார்.

“சார்?”

அவர் மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

“தும்முனது நான்தாம்ப்பா.”