பேசாத மாடல்

அழகுக்கலைத் தேர்வுக்கு மற்றவர்கள் காசு கொடுத்து மாடல் கூட்டி வந்திருந்தார்கள். அதற்கு வழியில்லாத நாற்பது வயது மாணவியின் நாற்காலியில் ஓர் அம்மாள் வாயை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோற்றால் மறுபடி பணம் கட்டிப் படிக்க மாணவியால் முடியாது.

"தண்ணி ரொம்பச் சூடா இருக்கா?" என்று கேட்டாள்.

பதில் இல்லை.

முகமெல்லாம் கிரீம் பூசி, ஒரு கன்னத்தைத் தேய்த்தாள். "அழுத்தித் தேய்க்கறேனா?"

அதற்கும் இல்லை.

தேர்வாளர் முகம் சுளித்தார். "பேச்சுக் குடுத்தா மட்டும் பத்தாதும்மா. கஸ்டமரப் பேச வைக்கணும். இல்லன்னா ஃபெயில்தான்."

"எனக்கும் ஆசைதான் மேடம். நான் இவங்களக் கூப்பிடவே இல்ல. காலைல எனக்கு முன்னாடி செருப்பப் போட்டுட்டு வாசல்ல நின்னாங்க."

தேர்வாளர் குனிந்தார். "ஏம்மா, எதுவும் பிடிக்கலையா?"

கிரீமுக்குள்ளிருந்து உதடு மட்டும் அசைந்தது. "நான் இவ மாமியார். நல்லா இருந்த கணக்கு வேலைய விட்டுட்டு, ஊரார் மூஞ்சியத் தேய்க்கப் போறேன்னுட்டா. அன்னைலேர்ந்து இவகிட்ட நான் முகம் குடுத்துப் பேசறதில்ல."

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?"

"பேச்சுதான் கிடையாது. முகம் குடுக்கறதுக்கு என்ன?"

மாமியார் மறு கன்னத்தைத் திருப்பினார்.

"இந்தப் பக்கம் இன்னும் தேய்க்கலன்னு அவகிட்ட சொல்லுங்க."